பீரோவுக்குப் பின்னால் கருப்புப் பூசணம்: வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

உப்பலவாடி வீடு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கம் எங்கள் வீடு. தரைத்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கடந்த கையோடு சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சேற்றை வாரிக் கொட்டி, கழுவிவிட்டு, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துக் குடியேறினோம். கோடை முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி பிறந்ததும் ஆரம்பித்தது.

நடு அறையில் கிழக்குச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ இருக்கிறது. தீபாவளிக்குப் புடவை எடுக்கத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. பீரோவை நகர்த்திப் பார்த்தால் சுவரில் கருப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம், இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து பீரோவின் தலை வரைக்கும். அதே சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தை எடுத்தால் அதன் பின்னாலும் படத்தின் அளவுக்குச் சதுரமாகப் பூத்திருக்கிறது. என் கல்யாணப் பட்டின் ஓரம் முழுக்க வெள்ளைப் படலம். மற்ற மூன்று சுவர்களிலும் மேலே ஒன்றுமில்லை. ஆனால் தரையை ஒட்டி எல்லா அறைகளிலும் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் உப்பிப் பொரிந்து வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது.

கல் உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பளம் பொரித்து வைத்தால் அரை மணி நேரத்தில் நமுத்துப் போகிறது. மழை நாளில் துணி காய நடு அறையில்தான் கொடி கட்டியிருக்கிறோம், வேறு இடமில்லை.

மாமியார் வாடை போகட்டும் என்று தினமும் சாம்பிராணி போடுகிறார். சின்னவனுக்கு இளைப்பு உண்டு, புகை வந்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது. சொன்னால் "நாங்கள்லாம் புள்ள வளக்கலையா" என்கிறார். பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் வெள்ளம் ஏறிய ஈரம்தான், வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் தீர்ந்தது என்று நடு அறைக்கு மட்டும் பதினெட்டாயிரம் கேட்கிறார். வீட்டுக்காரர் முன்பணம் கொடுக்கத் தயார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடிக்கலாமா?

நெல்லிக்குப்பத்தான்:

அக்கா, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து அடியுங்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தேன், ஒரே நாளில் வெள்ளையாகிவிட்டது. அடுத்த மழைக்குத் திரும்ப வந்தது, மறுபடி அடித்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடலோரத்தில் வீடு கட்டினால் இதெல்லாம் சகஜம்.

முத்தியால்பேட்டை சைட்:

முன்பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள் தங்கச்சி. புதுச்சேரியில் கட்டட சைட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈரச் சுவருக்கு வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்த வீடுகளில் அதைச் சுரண்டி எடுக்கும் வேலையும் எங்கள் தலையில்தான் விழும். உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழியை அடைத்துவிட்டால் அது இன்னும் ஓர் அடி மேலே ஏறி அங்கே பொரியும். அவ்வளவுதான் அந்தப் பெயின்ட் செய்கிற வேலை.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. பெயின்டர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விலை சொல்கிறார்.

கீழே முழ உயரத்தில் பொரிவது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம். அந்த வெள்ளைத் தூளைக் கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு. பூசணம் தண்ணீரில் கரையாது. இதற்கு வெள்ளம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருக்கிற கருப்பு வேறு சங்கதி. செங்கல்லின் நுண்துளை வழியாகத் தண்ணீர் தரையிலிருந்து ஏறும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் மூன்று, நான்கு அடிக்குள் நின்றுவிடும். முழங்கால் வரை நின்ற வெள்ளம், நடுவில் சுத்தமாக ஒரு பட்டை விட்டுவிட்டு, ஒரே ஒரு சுவரில் மட்டும் ஆளுயரத்துக்குப் போய்ப் பூக்காது. அதுவும் ஒரு கோடை முழுக்கக் காத்திருந்துவிட்டு.

ஆகவே அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா? சமையலறை அலுமினியத் தாளில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, சுவரில் ஈரமில்லாமல் துடைத்த இடத்தில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது: குழாய் ஒழுக்கு, மாடிக் கைப்பிடிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும். வெளிப்புறம் நனைந்து சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தால் குற்றவாளி காற்று.

அப்புறம் அறைக் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டுகிற மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மலிவு மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் களியாகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் எப்போதும் ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு உப்பின் குணம் அது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருப்பதால் இன்னும் சீக்கிரமே கசியும்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தக் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? சுவர் ஒன்பது இஞ்சா, நாலரையா?

உப்பலவாடி வீடு:

ரொம்ப நன்றி சார். சொன்னதையெல்லாம் செய்தேன். வெள்ளைத் தூள் கரைந்துவிட்டது, உப்புதான். தாளின் வெளிப்புறம் காலையில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தது. மீட்டர் உப்புக் கவரில் 73 காட்டியது. நடு அறையில் காலையில் 84, வெயில் வந்த ஒரு நாள் மத்தியானம் 70, துணி காயும்போது 88 வரை போகிறது.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் படுக்கையறை. இடையில் இருப்பது நாலரை இஞ்ச் சுவர். அந்த அறையில் மட்டும் ஏசி இருக்கிறது. ஒன்றரை டன், அறை பத்துக்குப் பத்து. எதிர்ச்சுவரில் மாட்டியிருப்பதால் காற்று நேராக இந்தச் சுவரில்தான் அடிக்கும். இரவு 20இல் வைத்துப் படுப்போம். நீங்கள் கேட்ட பிறகுதான் காலையில் நடு அறைப் பக்கமிருந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது. பீரோவின் முதுகும் ஜில்லென்றுதான் இருக்கிறது.

அப்படியென்றால் பூசணத்துக்கு ஏசியா காரணம்? படுக்கையறையில் ஒரு புள்ளிகூட இல்லையே?

முத்தியால்பேட்டை சைட்:

படுக்கையறையில் இருக்காது. ஏசி அந்த அறைக் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. அங்கே சுவர் குளிர்ந்தாலும் காற்று காய்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் நடு அறையில் அதே சுவர் குளிர்கிறது, காற்றோ தண்ணீர் சுமந்து நிற்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சொம்பு வெளிப்பக்கம் வியர்க்கும் பாருங்கள், அந்தச் சொம்புதான் உங்கள் கிழக்குச் சுவர்.

கணக்கையும் சொல்கிறேன். நடு அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராக மாறிவிடும். அந்தப் பக்கம் 20, நடுவே வெறும் நாலரை இஞ்ச் செங்கல். இந்தப் பக்கம் சுவர் 26க்குக் கீழே போகாமல் எப்படி இருக்கும்? அதோடு பூசணம் வளரச் சொட்டுச் சொட்டாக வியர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் 80 சதவீதம் நாள் கணக்கில் நின்றாலே போதும். அறையில் மீட்டர் 75 காட்டுகிறது, சுவர் 27 டிகிரி என்று வையுங்கள். சுவரை ஒட்டி 90 ஆகியிருக்கும். மீட்டர் அறை நடுவில் தொங்குகிறது, பூசணமோ சுவரில் குடியிருக்கிறது.

பீரோவும் படமும் ஏன் மாட்டிக்கொண்டன என்றால், அவற்றின் பின்னால் காற்று ஓடுவதில்லை. மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் சுவரும் கொஞ்சம் சூடேறும், பனித்ததும் காயும். பீரோ மறைத்த இடத்தில் அந்த இரண்டுமே இல்லை.

செய்ய வேண்டியதை என் வரிசையில் சொல்கிறேன். ஏசியை 26இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகப் போட்டுப் படுங்கள். காற்றடிக்கும் தகட்டை அந்தச் சுவரில் மோதாமல் மேலே திருப்புங்கள். முடிந்தால் பீரோவை அந்தச் சுவரிலிருந்தே எடுத்து மேற்குப் பக்கம் மாற்றுங்கள். இடமில்லை என்றால் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு சாண் விடுங்கள். கீழேயும் கால் வைத்துத் தூக்கினால் காற்று புகும். படத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் போதும்.

துணிக்கொடியைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ஒரு வாஷிங் மெஷின் நிறையத் துணி காய்ந்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் அந்த அறைக் காற்றில் கலக்கும். மழை நாளில் துணியை ஏசி அறையிலேயே போட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஏசி ஓடட்டும், அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் போய்விடும். அல்லது குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அங்கே போட்டுக் கதவைச் சாத்துங்கள். நடு அறை வேண்டவே வேண்டாம்.

ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வை என்பார்கள். கார்த்திகை மழையில் விடியற்காலையில் திறந்தால் வெளியே இருக்கிற ஈரமும் உள்ளே வரும். மழை விட்டு வெயில் அடிக்கிற பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்தால் போதும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

எந்த எண்ணுக்குக் கொண்டு வர வேண்டும் என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 60க்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையில் என்று சொல்கிறது. வங்கக் கடலுக்குப் பக்கத்தில் நவம்பர் மாதத்தில் 50 என்பது நடக்கிற காரியமில்லை. 65க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைக் குளிர விடாமல் பார்த்துக்கொண்டால் பூசணம் வராது. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் மிஷின் வாங்கலாமா என்றால், இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதை ஓட்டினால் அறை சூடாகும், கதவு ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், தொட்டித் தண்ணீரை யாராவது ஒருவர் நினைவாகக் கொட்ட வேண்டும்.

செம்மண்டலம் ஏசி:

சூப்பர்வைசர் சார் சொன்னது சரி. என் தொழில் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்றரை டன் பெரிது. அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். ஏசி ஈரத்தை எடுப்பது அதன் உள்ளே இருக்கிற குழாய்ச் சுருள், அதாவது காயில், குளிர்ந்து ஓடுகிற நேரத்தில்தான். கம்ப்ரசர் நின்ற பிறகும் காற்றை ஊதும் புளோயர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சுருளில் ஒட்டியிருக்கிற தண்ணீர் மறுபடி அறைக்குள்ளேயே வரும். அதனால்தான் சில வீடுகளில் குளிரும் இருக்கிறது, பிசுபிசுப்பும் இருக்கிறது. மழைக்காலத்தில் ரிமோட்டில் டிரை மோடு வையுங்கள். 20இலிருந்து 26க்குப் போனால் கரன்ட் பில்லும் இறங்கும். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிற கணக்கு.

டிரெயின் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள் அக்கா. நிறைய வீட்டில் வெளிச்சுவரிலேயே சொட்டவிட்டு வைத்திருப்பார்கள். உங்கள் கீழ்ச்சுவர் ஓதத்துக்கு அதுவும் கொஞ்சம் தீனி போடும்.

வைசியாள் வீதி:

எங்களுடையது புதுச்சேரியில் பழைய சுண்ணாம்பு வீடு, முற்றம் வைத்தது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு இருந்த வரைக்கும் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும், கறையே தெரியாது. இடையில் யாரோ சொன்னார்கள் என்று சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம், அதிலிருந்துதான் பொரிய ஆரம்பித்தது. உதிர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினோம். பூசணத்துக்கும் சுண்ணாம்பின் காரம் ஆகாது. நான் எல்லா அறைக்கும் சுண்ணாம்பைத்தான் சொல்வேன்.

முத்தியால்பேட்டை சைட்:

கீழ்ச்சுவருக்கு அம்மா சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மேலே இருக்கிற பூசணத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது. ஏசி 20இல் ஓடினால் சுண்ணாம்புச் சுவரும் வியர்க்கும். வருஷம் போகப் போகக் காரமும் இறங்கிவிடும், அப்புறம் தூசி படிந்து பூசணத்துக்கு இடம் கொடுக்கும்.

தங்கச்சி, கீழே உப்புப் பொரிந்த பூச்சை, கறை தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் ஓர் அடி வரைக்கும் செங்கல் தெரியக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். உதிர்ந்ததை வாசலில் குவிக்காமல் அப்புறப்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு சுவரில் இருக்கும் வரை ஒழுக்கே இல்லாவிட்டாலும் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துச் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். கொத்திய பிறகு உடனே பூசச் சொன்னால் கேட்காதீர்கள். செங்கல் சுவர் காய ஓர் இஞ்ச் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது இஞ்ச் சுவருக்கு நாலைந்து மாதம். தை மாதம் கொத்திவிட்டு வைகாசியில் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இருக்கட்டும்.

பூசணத்தைத் துடைக்கும்போது பையனை அந்த அறையில் விடாதீர்கள். N95 மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து வீடெல்லாம் போகும். துடைத்த துணியைத் தூக்கிப் போடுங்கள். பிளீச் போட்டே ஆக வேண்டும் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நெல்லிக்குப்பம் தம்பிக்கும் சொல்கிறேன்: பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிடையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். பிளீச் கறையை வெளுக்கும், சுவரை உலர்த்தாது. அதனால்தான் வருஷா வருஷம் உங்களுக்கு அந்த வேலை.

உப்பலவாடி வீடு:

முன்பணம் கொடுக்கவில்லை சார். பெயின்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஏசி 26, துணிக்கொடி படுக்கையறைக்கு மாறிவிட்டது. பீரோவை இந்த ஞாயிற்றுக்கிழமை நகர்த்துகிறோம். டிரெயின் குழாய் சுவரோரத்திலேயேதான் சொட்டிக்கொண்டிருந்தது, ஹோஸ் போட்டுத் தென்னைக்குத் திருப்பிவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. சாம்பிராணி ஈரத்தை எடுக்குமா? மாமியாருக்குச் சொல்ல ஏதாவது பதில் வேண்டும். அப்புறம் அந்தப் பட்டுப் புடவை.

முத்தியால்பேட்டை சைட்:

சாம்பிராணி வாடையை மறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. இளைப்பு உள்ள பிள்ளைக்குப் பூசணமும் ஆகாது, புகையும் ஆகாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பையனின் டாக்டரிடம் வீட்டில் பூசணம் இருந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மாமியாரிடம் நேராக வேண்டாம் என்று சொல்லாமல், வெள்ளிக்கிழமை வாசல் பக்கம் மட்டும் போடச் சொல்லிப் பாருங்கள். புடவை எனக்குத் தெரியாத துறை. வைசியாள் வீதி அம்மா சொல்லட்டும்.

வைசியாள் வீதி:

முதலில் புடவையை வீட்டுக்குள் உதறாதீர்கள் கண்ணு. காய்ந்த ஒரு நாளில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், பட்டின் சாயம் போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒரே திசையில் தட்டித் துடைத்தால் படலம் வந்துவிடும். ஈரத் துணியால் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கும். பூசணம் இருக்கும்போது இஸ்திரி போடவே கூடாது, கறை பதிந்துவிடும். கறை மிச்சமிருந்தால் பட்டு வெளுக்கத் தெரிந்த டிரை கிளீனரிடம் கொடுங்கள், இது பூசணம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பீரோவைக் காலி செய்து உட்புறத்தைத் துடைத்து, ஒரு நாள் திறந்து போட்டுக் காயவிட்ட பிறகுதான் திரும்ப அடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் புடவையை வைக்காதீர்கள், பழைய மல் வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு இல்லை. இளைப்புள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் நெடியும் வேண்டாம். கடையில் கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா கிடைக்கும், கீழ்த்தட்டில் ஒன்று வைக்கலாம். தண்ணீர் நிறைந்ததும் கவிழாமல் எடுத்துக் கொட்டுங்கள். புடவையில் பட்டால் அதுவே கறையாகும்.